பிரவுசர் தரும் தொல்லைகள்: எதற்கு நீட்சி வேண்டும், எதற்கு வேண்டாம்? ஒரு முழுமையான வழிகாட்டி

நவம்பர் மழையில் இரவு பத்து மணிக்கு 'நாளை பள்ளி விடுமுறையா' என்று தேடி ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறீர்கள். அறிவிப்புகளை அனுப்பலாமா என்று முதலில் ஒரு பெட்டி கேட்கிறது. அதை மூடினால், தளம் நம் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பான குக்கி பற்றிய பட்டை கீழிருந்து எழுகிறது. அதையும் தள்ளிவிட்டால் மூலையில் ஒரு காணொலி தானாகவே பேசத் தொடங்குகிறது. மாவட்டப் பட்டியலை எட்டும் நேரத்தில் மேலே ஒரு விளம்பரம் வந்து உட்கார்ந்து, பக்கம் முழுவதும் கீழே நகர்ந்து, தொட நினைத்ததற்குப் பதிலாக வேறு எதையோ தொட்டுவிடுகிறீர்கள். மாவட்ட ஆட்சியரின் ஒரு வரி அறிவிப்பைப் படிக்க இத்தனை சடங்கு.

இதற்கு மருந்தாகப் பத்து நீட்சிகளின் பட்டியலை நீட்டுவது வழக்கம். எக்ஸ்டென்ஷன், ஆட்-ஆன் என்றெல்லாம் சொல்லப்படும் அந்தச் சிறு நிரல்களைத்தான் இங்கே நீட்சி என்கிறேன். நான் பட்டியல் தரப்போவதில்லை. மேலே சொன்ன தொல்லைகளில் பாதியைத் தீர்க்கும் வசதி பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. மீதியில் பெரும்பகுதிக்கு நல்ல நீட்சி ஒன்றே ஒன்று போதும். அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொன்றும், நீங்கள் பார்க்கும் பக்கங்களைப் படிக்க வேறொருவருக்குக் கொடுக்கும் அனுமதி. அதனால் வரிசை முக்கியம்: முதலில் அமைப்புகள், பிறகு விளம்பரத் தடுப்பு, மற்றவை கடைசியில்.

மெனுப் பெயர்களை ஆங்கில இடைமுகத்தில் இருக்கிறபடியே சொல்கிறேன். நம்மில் பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

முதல் படி: எதையும் நிறுவாமல் தீர்க்கக்கூடியவை

அறிவிப்புப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். தொல்லைகளில் அதிகத் தீங்கு செய்வது அதுதான். ஃபயர்ஃபாக்ஸில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று கோட்டு மெனுவைத் திறந்து செட்டிங்ஸுக்குப் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் பெர்மிஷன்ஸ் வரும் வரை கீழே இறங்குங்கள். நோட்டிஃபிகேஷன்ஸ் வரிக்கு எதிரே உள்ள பொத்தானை அழுத்தினால், இதுவரை அனுமதி பெற்ற தளங்கள் வரிசையாக வரும். பெயர் தெரியாதவற்றை எல்லாம் நீக்குங்கள். அதே பெட்டியின் அடியில், இனி யாரும் அனுமதி கேட்கவே கூடாது என்று சொல்லும் கட்டம் இருக்கிறது. அதில் டிக் செய்து சேமியுங்கள். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் இதே வேலை முடியும். வாட்ஸ்அப் வெப் போல உண்மையிலேயே அறிவிப்பு வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் பட்டியலில் விட்டுவையுங்கள். 2020 தொடக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸ் 72, குரோம் 80 பதிப்புகளிலிருந்து இரண்டுமே இந்தக் கோரிக்கைகளைக் கொஞ்சம் அடக்கத் தொடங்கின. முழுவதுமாக வாயை மூடவைப்பது நம் வேலைதான்.

வீட்டில் பெரியவர்களின் கணினி இருந்தால் அந்தப் பட்டியலைக் கட்டாயம் பாருங்கள். திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்' என்று நிமிடத்துக்கு ஒரு முறை எழும் எச்சரிக்கை, பெரும்பாலும் வைரஸ் அல்ல. என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு தளம் 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோவை அழுத்துங்கள்' என்று ஏமாற்றி வாங்கிய அனுமதி அது. பட்டியலில் அந்தத் தளத்தின் பெயரை நீக்கினால் எச்சரிக்கையும் நின்றுவிடும். இது தெரியாமல் கணினியைக் கடைக்குத் தூக்கிச் சென்று, ஃபார்மட் செய்து, பழைய புகைப்படங்களையும் பறிகொடுத்தவர்கள் உண்டு.

தானாக ஓடும் காணொலிக்கு ஃபயர்ஃபாக்ஸில் அதே பெர்மிஷன்ஸ் பகுதியில் ஆட்டோபிளே என்ற வரி இருக்கிறது. 2019 மார்ச்சில் வந்த 66ஆம் பதிப்பிலிருந்து ஒலியோடு ஓடுவதை அது இயல்பாகவே தடுக்கிறது. ஆனால் ஒலியில்லாமல் ஓடுபவை நழுவி வந்துவிடும், டேட்டாவையும் தின்றுவிடும். 'பிளாக் ஆடியோ அண்ட் வீடியோ' என்று மாற்றிவிட்டால் இரண்டும் நிற்கும். குரோமில் இப்படி ஒரு பொத்தான் இல்லை. டேபின் மேல் வலது கிளிக் செய்து 'மியூட் சைட்' கொடுப்பதோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

அடுத்தது தமிழ் வாசகர்களுக்கே உரிய ஒரு தொல்லை. ஆங்கிலம் சரியான அளவில் தெரியும் பக்கத்தில் தமிழ் எழுத்து மட்டும் எறும்பு வரிசையாகத் தெரிகிறது. பெரிதாக்கினால் பக்கமே வெடித்து வெளியே வழிகிறது. ஃபயர்ஃபாக்ஸில் எழுத்துருப் பகுதியில் அட்வான்ஸ்டு என்ற பொத்தானை அழுத்துங்கள். வரும் பெட்டியின் மேல் பகுதியில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் தமிழ் தனியாகவே இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, உங்களுக்குப் பிடித்த எழுத்துருவையும் குறைந்தபட்ச அளவையும் வையுங்கள். 16 அல்லது 17 கண்ணுக்கு இதமாக இருக்கும். பிறகும் சில தளங்களில் மாற்றம் தெரியாது. காரணம், தங்கள் பக்கம் தமிழில் இருக்கிறது என்று பிரவுசருக்கு அறிவிக்க வேண்டிய ஒரு சிறு குறிப்பை அந்தத் தளத்தார் எழுதாமல் விட்டிருப்பார்கள். அப்போது அதே பட்டியலில் லத்தீன் பிரிவிலும் குறைந்தபட்ச அளவை உயர்த்துங்கள். பக்கங்கள் தங்கள் எழுத்துருவைப் பயன்படுத்துவதை அனுமதிக்கும் கட்டத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அதை எடுத்துவிட்டால் பல தளங்களில் சின்னங்கள் எல்லாம் வெற்றுச் சதுரங்களாகிவிடும். குரோமில் அப்பியரன்ஸ் பகுதியில் கஸ்டமைஸ் ஃபான்ட்ஸ் என்று இருக்கிறது. அங்கே குறைந்தபட்ச அளவை உயர்த்தினால் எல்லா மொழிக்கும் சேர்த்தே உயரும்.

நீண்ட கட்டுரை என்றால் ரீடர் வியூ. விண்டோஸில் ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் இரண்டிலும் எஃப்9 விசை. அழுத்தியதும் விளம்பரம், பக்கப்பட்டி, 'இதையும் படியுங்கள்' எல்லாம் ஒழிந்து எழுத்து மட்டும் நிற்கும். குரோமில் மோர் டூல்ஸின் கீழ் ரீடிங் மோட் என்று பக்கவாட்டில் திறக்கும். அவ்வளவு அழகில்லை, வேலை நடக்கும்.

இன்னும் சில, வேகமாக. தவறி மூடிய டேபைத் திரும்பப் பெற கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வலது கிளிக்கைத் தடுக்கும் தளத்தில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே வலது கிளிக் செய்தால் ஃபயர்ஃபாக்ஸ் தளத்தின் தடையை மதிக்காது. நாற்பது டேப் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றைத் தேடுகிறவர்கள், ஃபயர்ஃபாக்ஸ் முகவரிப் பட்டையில் % குறியும் ஓர் இடைவெளியும் இட்டு இரண்டு சொல் எழுதினால் திறந்திருக்கும் டேபுகளில் மட்டும் தேடும். பக்கத்தைப் படமாகப் பிடிக்க நீட்சி தேடாதீர்கள். ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் அதைச் செய்யும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு விளம்பரத் தடுப்பு

இந்த இடத்தில் நீட்சி தேவைதான். எது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை: யூபிளாக் ஆரிஜின். ஆனால் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. ரேமண்ட் ஹில் என்ற நிரலாளர் 2014 இல் யூபிளாக்கை வெளியிட்டார். 2015 இல் அந்தத் திட்டத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, தன் பிரதியை ஆரிஜின் என்ற ஒட்டுடன் தனியே தொடர்ந்தார். ஒப்படைக்கப்பட்ட யூபிளாக் 2018 இல் வேறொரு விளம்பரத் தடுப்பு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. எனவே வெறும் யூபிளாக் வேறு, யூபிளாக் ஆரிஜின் வேறு. ஹில் இன்றுவரை நன்கொடைகூட வாங்குவதில்லை. இந்தத் துறையில் அது அபூர்வம். இன்னொரு பழைய பெயரான ஆட்பிளாக் பிளஸ், 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்ற பெயரில் சில விளம்பரங்களை 2011 முதல் இயல்பாகவே அனுமதிக்கிறது. அதற்காகப் பெரிய நிறுவனங்களிடம் கட்டணமும் வாங்குகிறது. அமைப்புகளில் அதை அணைத்துவிடலாம் என்றாலும், தடுப்பவரே வழிவிடக் காசு வாங்குவது எனக்கு உவப்பாக இல்லை.

எந்தப் பிரவுசரில் நிறுவுகிறீர்கள் என்பதைப் பொறுத்து பலன் மாறும். பழைய முறையில், பக்கம் எந்தக் கோப்பைக் கேட்டாலும் அந்தக் கோரிக்கை முதலில் நீட்சியிடம் வரும். விடலாமா தடுக்கலாமா என்று நீட்சியே அந்தக் கணத்தில் முடிவு செய்யும். மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய விதிமுறையில் குரோம் இதை மாற்றிவிட்டது. நீட்சி தன் விதிகளை முன்கூட்டியே பட்டியலாக ஒப்படைக்க வேண்டும், முடிவெடுப்பது பிரவுசர். பாதுகாப்பும் வேகமும்தான் காரணம் என்றது கூகுள். நீட்சிகள் எல்லாக் கோரிக்கைகளையும் பார்ப்பது ஆபத்து என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் உலகின் பெரிய விளம்பர நிறுவனம் விளம்பரத் தடுப்பின் கையைக் கட்டுவதைச் சந்தேகத்தோடு பார்ப்பதிலும் தவறில்லை. 2024 இல் தொடங்கிய இந்த மாற்றம் 2025 இல் முழுமை அடைந்தது. குரோமில் இப்போது யூபிளாக் ஆரிஜின் இயங்காது. அதே ஹில் எழுதிய யூபிளாக் ஆரிஜின் லைட் இயங்கும். ஃபயர்ஃபாக்ஸ் இரண்டு முறைகளையும் வைத்திருக்கிறது, அங்கே முழு வடிவம் வேலை செய்கிறது.

நிறுவும் முறை, ஃபயர்ஃபாக்ஸில்:

1. மூன்று கோட்டு மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதிக்குப் போய் அங்கேயே பெயரைத் தேடுங்கள். கூகுளில் தேடி வரும் முதல் இணைப்பை அழுத்த வேண்டாம். அது விளம்பர இணைப்பாகவோ போலியாகவோ இருக்கலாம்.
2. உருவாக்கியவர் பெயர் ரேமண்ட் ஹில் என்றும், ஃபயர்ஃபாக்ஸைத் தரும் மோசில்லாவின் ரெக்கமண்டட் முத்திரை இருக்கிறது என்றும் உறுதி செய்துகொண்டு நிறுவுங்கள்.
3. அதன் சின்னத்தை அழுத்தி, பற்சக்கரம் வழியாக டாஷ்போர்டைத் திறந்து, ஃபில்டர் லிஸ்ட்ஸ் பக்கத்துக்குப் போங்கள்.
4. குக்கி நோட்டீசஸ், அனாயன்சஸ் என்ற இரண்டு பிரிவுகளையும் விரித்து டிக் செய்யுங்கள். முதலாவது குக்கிப் பட்டைகளையும், இரண்டாவது 'எங்கள் செயலியில் படியுங்கள்', 'செய்திமடலில் சேருங்கள்' வகைப் பெட்டிகளையும் ஒழிக்கும்.
5. பட்டியலின் கடைசியில் நாடு, மொழிவாரிப் பிரிவில் இண்டியன்லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. இந்தியா, இலங்கை, நேபாளத் தளங்களுக்கான விதிகள் அதில் உண்டு. அதையும் சேர்த்துக்கொண்டு, மேலே உள்ள அப்ளை சேஞ்சஸை அழுத்துங்கள். பலர் இந்தக் கடைசிப் பொத்தானை மறந்துவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்கிறார்கள்.

குரோமில் லைட்டை நிறுவியவர்கள் அதன் சின்னத்தை அழுத்தினால் ஒரு சறுக்குப் பட்டை தெரியும். அணைத்த நிலை போக, அடிப்படை, உகந்தது, முழுமை என மூன்று நிலைகள். தொல்லை அதிகமான தளத்தில் முழுமைக்கு நகர்த்துங்கள். குக்கிப் பட்டைக்கான பட்டியலை அதன் அமைப்புகளில் தனியாகச் சேர்க்க வேண்டும்.

குக்கிப் பட்டைக்கென்றே தனி நீட்சிகளும் இருந்தன, இருக்கின்றன. 2018 மே 25 இல் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டமான ஜிடிபிஆர் நடைமுறைக்கு வந்தபோது இந்தப் பட்டைகள் பெருகின. அந்த எரிச்சலைத் தீர்த்துப் புகழ்பெற்ற ஒரு நீட்சியை 2022 இல் அவாஸ்ட் நிறுவனம் வாங்கியது. உடனே பழைய நிரலிலிருந்து ஒரு கிளையை வேறொருவர் தொடங்கினார். இந்த வாங்கல் விற்றலை எல்லாம் நினைவில் வைத்திருக்க யாருக்கு நேரம்? நான்காவது எண்ணில் சொன்ன பட்டியலே போதும். பட்டையை மறைத்த பிறகு பக்கம் நகராமல் உறைந்து நின்றால், அந்தத் தளத்துக்கு மட்டும் யூபிளாக் ஆரிஜினின் பெரிய நீலப் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு, பட்டையின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள்.

இனி, இந்த நீட்சியில் எனக்கு மிகப் பிடித்த வசதி. எந்தப் பட்டியலுக்கும் சிக்காத ஒரு பெட்டி இருக்கும். நீங்கள் அன்றாடம் படிக்கும் தளத்தில் கீழ் மூலையில் ஒட்டிக்கொண்டு கூடவே இறங்கி வரும் காணொலிப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். யூபிளாக் ஆரிஜின் சின்னத்தை அழுத்துங்கள். மின்னல் வடிவச் சின்னம் ஒன்றும், சொட்டுக்குழாய் வடிவச் சின்னம் ஒன்றும் இருக்கும். மின்னல் தற்காலிகம்: பெட்டியை அழுத்தினால் மறையும், பக்கத்தை மீண்டும் திறந்தால் திரும்பி வரும். சொட்டுக்குழாய் நிரந்தரம். அதை அழுத்தியதும் பக்கம் சற்று மங்கி, சுட்டியை நகர்த்தும் இடத்தில் உள்ள பகுதி நிறம் மாறித் தெரியும். காணொலிப் பெட்டியின் மேல் கொண்டுபோய், பெட்டி முழுவதும் நிறம் மாறியதும் கிளிக் செய்யுங்கள். கீழே ஒரு சிறு சாளரம் திறந்து ஒரு விதியைக் காட்டும். பிரிவ்யூவை அழுத்திப் பாருங்கள். பெட்டியோடு சேர்ந்து செய்தியும் மறைந்தால் அகலமாகப் பிடித்துவிட்டீர்கள் என்று பொருள். சறுக்குப் பட்டையை நகர்த்திக் குறுக்குங்கள். காணொலி மட்டும் போனால் கிரியேட் அழுத்துங்கள். இனி அந்தத் தளத்தில் அது உங்கள் கண்ணில் படாது.

நீங்கள் உருவாக்கிய விதி டாஷ்போர்டில் மை ஃபில்டர்ஸ் பக்கத்தில் ஒரு வரியாகச் சேர்ந்திருக்கும்: தளத்தின் பெயர், அடுத்து ## என்ற குறி, அடுத்து அந்தப் பெட்டியின் பெயர். மறைத்தது தவறு என்று தோன்றினால் அந்த வரியை அழித்துச் சேமித்தால் போதும். பரிந்துரைக் காணொலிகளின் வரிசை, கருத்துப் பெட்டி, கிரிக்கெட் ஸ்கோர் பட்டை என எதை வேண்டுமானாலும் இப்படி ஒழிக்கலாம். இதற்கென்று விற்கப்படும் தனித்தனி நீட்சிகள் பலவற்றுக்கு அவசியமே இல்லாமல் போகிறது.

ஒரு வார்த்தை. இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் சிறு தமிழ் இதழ் ஒன்று, ஒரே ஒரு விளம்பரத்தை ஓரமாக வைத்திருந்தால், அங்கே நீலப் பொத்தானை அணைத்து வைக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யலாம். அந்த அணைப்பை நீட்சி தளவாரியாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: இன்னொரு நீட்சியைச் சேர்க்கும் முன்

நீட்சியை நிறுவும்போது 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவு அனைத்தையும் படிக்கவும் மாற்றவும்' என்று ஒரு வாசகம் வரும். சம்பிரதாயம் என்று நினைத்து ஆட் பொத்தானை அழுத்திவிடுகிறோம். அந்த வாசகத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலின் உள்ளடக்கம், வங்கிக் கணக்கின் இருப்புத் தொகை, தட்டச்சு செய்யும் கடவுச்சொல் எல்லாம் அதில் அடக்கம். விளம்பரத் தடுப்புக்கு அந்த அனுமதி இல்லாமல் வேலை நடக்காது. வானிலை காட்டும் நீட்சிக்கு எதற்கு?

அதைவிடப் பெரிய ஆபத்து பின்னால் வருவது. நீட்சிகள் நமக்குத் தெரியாமலே புதுப்பிக்கப்படுகின்றன, சத்தமில்லாமல் கைமாறுகின்றன. நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்த வீட்டுச் சாவியை, அவர் ஊர் மாறும்போது முகம் தெரியாத ஒருவருக்கு விற்றுவிட்டுப் போவதைப் போன்றது இது. தி கிரேட் சஸ்பெண்டர் என்ற நீட்சி, பயன்படுத்தாத டேபுகளை உறங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தியது. எல்லோரும் பரிந்துரைத்தது. 2020 இல் அது விற்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் தீங்கு நிரல் இருக்கிறது என்று கூகுள் அதை நீக்கியது. 2020 இலேயே நானோ ஆட்பிளாக்கர் என்ற விளம்பரத் தடுப்புக்கும் இதே கதி. தளங்களின் நம்பகத்தன்மையைச் சொல்வதாகக் கூறிக்கொண்ட வெப் ஆஃப் டிரஸ்ட், பயனர்களின் உலாவல் வரலாற்றையே விற்றது என்பதை 2016 இல் ஜெர்மனியின் என்டிஆர் ஒலிபரப்பு நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. விற்காமலும் விபத்து நடக்கும். 2024 டிசம்பரில், சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் ஏமாற்று மின்னஞ்சலில் சிக்கினார். ஏமாற்றியவர்கள் அந்த நிறுவனத்தின் நீட்சியிலேயே திருட்டு நிரலைச் சேர்த்து, கிறிஸ்துமஸ் விடுமுறையில் வெளியிட்டுவிட்டார்கள்.

அதனால் நிறுவும் முன் பார்க்க வேண்டியவை சில. கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பது ஒன்று. மூன்று ஆண்டுகளாகத் தொடப்படாதது கைவிடப்பட்டதாக இருக்கலாம், விற்பனைக்குக் காத்திருப்பதாகவும் இருக்கலாம். விமர்சனங்களைப் படிக்கும்போது நட்சத்திரச் சராசரியை விட்டுவிட்டு, புதியவற்றை முதலில் வரிசைப்படுத்திப் பாருங்கள். 'சென்ற வாரம்வரை நன்றாக இருந்தது, இப்போது தேடுபொறி மாறிவிட்டது' என்று இரண்டு பேர் எழுதியிருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். இலவச நீட்சி எப்படிப் பிழைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள், குறிப்பாக ஷாப்பிங் தளத்தில் கூப்பன் தேடித்தரும் வகையை.

ஏற்கெனவே நிறுவியவற்றின் அனுமதியைக் குறைக்கவும் வழி உண்டு. குரோமில் புதிர்த்துண்டுச் சின்னத்தை அழுத்தி, மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ், டீட்டெயில்ஸ் என்று போனால் சைட் ஆக்சஸ் இருக்கும். எல்லாத் தளங்களிலும், குறிப்பிட்ட தளங்களில் மட்டும், அழுத்தும்போது மட்டும் என மூன்று தேர்வுகள். விளம்பரத் தடுப்பும் கடவுச்சொல் நீட்சியும் தவிர மற்றவற்றை மூன்றாவதில் வைக்கலாம். அப்படி வைத்தும் இரண்டு மாதம் அழுத்தவே இல்லை என்றால் நீக்கிவிடலாம்.

நான்காம் படி: இருந்தால் நல்லவை, இல்லாவிட்டாலும் நல்லவை

மல்ட்டி அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ் என்பது மோசில்லாவே தரும் நீட்சி, ஃபயர்ஃபாக்ஸுக்கு மட்டும். அலுவலக மின்னஞ்சலையும் சொந்த மின்னஞ்சலையும் ஒரே தளத்தில் ஒரே நேரத்தில் திறக்க வேண்டியவர்களுக்கு இது வரம். டேபுக்கு ஒரு வண்ணம், வண்ணத்துக்கு ஒரு தனிக் குக்கிக் கிடங்கு. வெளியேறு, உள்நுழை என்ற அன்றாடச் சுழற்சி முடிந்துவிடும்.

கடவுச்சொற்களைச் சேமித்து வைத்துத் தானே நிரப்பும் கடவுச்சொல் மேலாளருக்கு பிட்வார்டன் நல்லது. பிரவுசரில் உள்ளதே போதும் என்றாலும் தவறில்லை. இவற்றின் பெரிய நன்மை வசதி அல்ல, எச்சரிக்கை. வங்கியின் பெயரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி வைத்த போலித் தளத்தில் நம் கண் ஏமாறலாம். மேலாளர் முகவரியை ஒப்பிட்டுப் பார்ப்பதால் கடவுச்சொல்லை நிரப்பாது. வழக்கமாக நிரம்பும் பெட்டி காலியாக இருந்தால் கையால் தட்டச்சு செய்யாமல், முகவரியை நிதானமாகப் படியுங்கள்.

தமிழ்த் தட்டச்சுக்கு நீட்சி வேண்டாம். தட்டச்சு நீட்சி நீங்கள் எழுதும் ஒவ்வோர் எழுத்தையும் பார்க்கும். விண்டோஸிலேயே தமிழ் 99, தமிழ் அஞ்சல் விசைப்பலகைகள் இருக்கின்றன. மொழி அமைப்பில் சேர்த்துக்கொண்டால் எல்லாச் செயலியிலும் வேலை செய்யும். ஆங்கில இலக்கணம் திருத்தும் நீட்சிகளுக்கும் இதே தயக்கம் எனக்கு உண்டு. எழுதுவதைத் தங்கள் வழங்கிக்கு (சர்வர்) அனுப்பித்தான் பலவும் திருத்துகின்றன. இருட்டுப் பின்னணிக்கு டார்க் ரீடர் அழகாக வேலை செய்கிறது. பழைய கணினியில் பக்கத்தை மந்தமாக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கைப்பேசியில்

ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சி கிடையாது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் உண்டு. 2023 டிசம்பரில் மோசில்லா கதவை அகலத் திறந்ததிலிருந்து நூற்றுக்கணக்கான நீட்சிகள் கிடைக்கின்றன. மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸை அழுத்தி யூபிளாக் ஆரிஜினைச் சேர்ப்பது அரை நிமிட வேலை. டாஷ்போர்டில் அதே பட்டியல்களை டிக் செய்துகொள்ளுங்கள். கைப்பேசியின் சிறிய திரையில் இதன் பலன் கணினியைவிட அதிகமாகத் தெரியும், டேட்டாவும் மிஞ்சும். ஐஃபோனில் ஐஓஎஸ் 15 முதல் சஃபாரிக்கு நீட்சிகளை ஆப் ஸ்டோரில் நிறுவலாம். நிறுவியபின் சஃபாரியின் அமைப்புகளில் போய் இயக்கவும் வேண்டும்.

ஆறாம் படி: ஏதாவது உடைந்தால்

பணம் கட்டும் பொத்தான் அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. ஓடிபி பக்கம் வரவில்லை. இப்படியானால் முதலில் முகவரிப் பட்டையின் ஓரத்தைப் பாருங்கள். பாப்-அப்பைத் தடுத்ததாக ஒரு சின்னம் இருந்தால் நீட்சிமேல் பழியில்லை, பிரவுசர்தான் தடுத்திருக்கிறது. இல்லையென்றால் அதே பக்கத்தை பிரைவேட் சாளரத்தில் திறங்கள். அங்கே நீட்சிகள் நீங்கள் தனியாக அனுமதித்தால்தான் இயங்கும். அங்கே வேலை செய்தால் நீட்சியோ பழைய குக்கியோதான் காரணம். எந்த நீட்சி என்று கண்டுபிடிக்கப் பாதியை அணைத்துப் பாருங்கள். சரியானால் குற்றவாளி அந்தப் பாதியில் இருக்கிறது, மீண்டும் அதில் பாதி. ஃபயர்ஃபாக்ஸில் ஹெல்ப் மெனுவில் உள்ள டிரபிள்ஷூட் மோட் எல்லா நீட்சிகளையும் ஒரே அடியில் அணைத்துக் காட்டும்.

வங்கி, வருமான வரி, ரயில் டிக்கெட் இவற்றுக்கு ஒரு தனி புரொஃபைல், அதாவது அதே பிரவுசருக்குள் தனிக் குக்கியும் தனி நீட்சிகளும் கொண்ட ஓர் அறை, வைத்துக்கொள்ளும்படி பிடிவாதமாகவே சொல்வேன். குரோமில் மேலே உள்ள உங்கள் படத்தை அழுத்தி ஆட் கொடுத்தால் புதிய புரொஃபைல் பிறக்கும். அதில் ஒரு நீட்சியும் போடாதீர்கள். பக்கம் உடைவதும் குறையும், எட்டிப்பார்க்க எந்த நீட்சியும் இராது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

தேடுபொறி தானாக மாறி, திருப்பி வைத்தாலும் மீண்டும் மாறுகிறதா? வீட்டுக் கணினியின் குரோம் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற பொருளில் ஒரு வரி தெரிகிறதா? அலுவலகக் கணினியில் இது இயல்பு. வீட்டில் என்றால், ஏதோ ஒரு நிரல், பிரவுசரின் அமைப்பைப் பூட்டிவைக்கும் கொள்கை விதியைத் திணித்திருக்கக்கூடும். பிரவுசரில் நீட்சியை நீக்குவது மட்டும் போதாது. அதைக் கொண்டுவந்த நிரலை விண்டோஸின் செயலிப் பட்டியலில் தேடி நீக்கி, வைரஸ் சோதனையும் ஓட்டிவிட்டு, பிறகு பிரவுசரை ரீசெட் செய்யுங்கள்.

சில நாட்களில் தவறு உங்கள் பக்கம் இருக்கவே இருக்காது. 2019 மே 4 அன்று உலகெங்கும் ஃபயர்ஃபாக்ஸ் பயனர்களின் நீட்சிகள் திடீரென்று அணைந்தன. நீட்சிகளுக்குக் கையொப்பமிடப் பயன்படும் இடைநிலைச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதை மோசில்லா கவனிக்கவில்லை. 66.0.4 பதிப்பு வந்து சரிசெய்தது. இடைப்பட்ட நேரத்தில் மோசில்லா சொன்ன அறிவுரை, நீட்சியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவாதீர்கள் என்பது. நீக்கினால் அதனுடன் அதன் தரவும் அழிந்துவிடும். அதனால் நீட்சி வேலை செய்யவில்லை என்றால் முதலில் அணைத்துப் பாருங்கள், நீக்காதீர்கள்.

யூபிளாக் ஆரிஜினில் சொட்டுக்குழாயால் நீங்கள் சேர்த்த விதிகளுக்கும் இது பொருந்தும். டாஷ்போர்டின் செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் 'பேக் அப் டு ஃபைல்' என்ற பொத்தான் இருக்கிறது. அது தரும் கோப்பு மிகச் சிறியது, உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வைத்துக்கொள்ளலாம். புதுக் கணினி வாங்கும்போது பக்கத்திலேயே உள்ள ரீஸ்டோர் பொத்தானை அழுத்தி அந்தக் கோப்பைக் காட்டினால், பட்டியல்களும் விதிகளும் அணைத்து வைத்த தளங்களும் அப்படியே வந்துவிடும்.